கிற்றாருக்கும் மிக்சருக்கும் நடுவில்: வாசகர் கேள்வி பதில்

வைகாசிப் பொங்கல், கோயில் கொடியேற்றம், மார்கழி ஒளிவிழா என்று வன்னியில் மேடை போடாத மாதம் குறைவு. மேளமும் ஓர்கனும் இருந்த இடத்தில் இப்போது எலெக்ற்றிக் கிற்றாரும் ஏறிவிட்டது. அதை ஒலிபெருக்கியில் இணைப்பது பற்றித்தான் இம்முறை கேள்விகள் கூடுதல். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் பாடசாலை இசைக்குழுவில் ஒரு எலெக்ற்றிக் கிற்றார் இருக்கிறது, அம்ப் (கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) இல்லை. சவுண்ட்ஸ்காரரின் மிக்சரில் மைக் செருகும் இடத்தில் நேரே செருகினால் போர்வைக்குள்ளால் வருகிற மாதிரி மங்கலாகக் கேட்கிறது. கெயினைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. கிற்றார் பழுதோ?
– ஆசிரியர் ஒருவர், மாங்குளம்

கிற்றாரில் பழுதில்லை, செருகின துவாரம்தான் பிழை.

எலெக்ற்றிக் கிற்றாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய கொயில். அதிலிருந்து வரும் சிக்னலுக்கு வலு மிகக் குறைவு. ஊற்றுக் குறைந்த கிணற்றில் இரண்டு அங்குல வாட்டர் பம்பைப் பூட்டினால் என்ன நடக்கும்? மைக் துவாரத்தில் நடப்பதும் அதுதான். மைக் இன்புட்டின் தடை ஏறத்தாழ 2 கிலோஓம்; தடை குறையக் குறைய இன்புட் கூடுதலாக இழுக்கும். ஒற்றைக் கொயில் பிக்கப்பின் கம்பித் தடை மட்டுமே 6, 7 கிலோஓம் வரும். ஆகவே தாழ்ந்த சுரங்களிலேயே ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் மிக்சருக்குப் போய்ச் சேரும். 3000 ஹேர்ட்ஸ் பக்கம் போனால் அதே கொயிலின் தடை 45 கிலோஓமைத் தாண்டிவிடும். அங்கே நூற்றுக்கு நாலு பங்குதான் மிஞ்சும். கம்பியைத் தட்டும் கூர்மை இருப்பது அந்த இடத்தில்தான். அது போனதும் உங்களுக்குப் போர்வை மூடின சத்தம் மிஞ்சுகிறது.

பக்கத்தில் இருக்கும் லைன் இன்புட் 10 கிலோஓம் அளவில் இருக்கும். அதில் போட்டால் கொஞ்சம் தெளியும், ஆனால் சரியென்று சொல்ல முடியாது. கிற்றார் கேட்பது 1 மெகாஓம், அதாவது பத்து இலட்சம் ஓம். சில மிக்சர்களில் முதல் ஓரிரு சனலுக்கு மேல் ‘ஹை-இசட்’ (உயர் தடை) என்று ஒரு சுவிச் இருக்கும். இருந்தால் அதை அமத்திவிட்டு நேரே செருகலாம், வேறொன்றும் தேவையில்லை. இல்லாவிட்டால் டி.ஐ. பொக்ஸ் வேண்டும், அதாவது நடுவில் நின்று கிற்றாரை மைக் துவாரத்துக்குப் பொருந்த வைக்கும் சின்னப் பெட்டி.

டி.ஐ. இரண்டு வகை. ‘பசிவ்’ வகைக்குள் இருப்பது ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் மட்டும். சுற்று விகிதம் பெரும்பாலும் 12க்கு 1 என்ற அளவில் இருப்பதால் 2 கிலோஓம் மைக் இன்புட்டை அது 144 மடங்காக்கி, 290 கிலோஓம் போலக் கிற்றாருக்குக் காட்டும். ஓர்கனுக்கும் பெடலுக்கும் (காலால் அமத்தும் எஃபெக்ற் பெட்டி) அது தாராளம். வெறும் கிற்றாருக்கு ‘அக்ரிவ்’ என்று கேட்டு வாங்குங்கள். அது 1 மெகாஓம் தரும்; மிக்சரிலிருந்து மைக் வயர் வழியே வரும் 48 வோல்ற் பான்ரம் கரண்டிலோ 9 வோல்ற் பற்றரியிலோ ஓடும்.

இணைக்கும் ஒழுங்கு இதுதான். முதலில் அந்தச் சனலை மியூட் பண்ணி, கெயினை அடியில் வைத்து, பான்ரத்தை நிறுத்துங்கள். கிற்றாரிலிருந்து டி.ஐ.யின் இன்புட்டுக்குக் கிற்றார் வயர். டி.ஐ.யின் மூன்று பின் துவாரத்திலிருந்து மிக்சரின் மைக் துவாரத்துக்குச் சாதாரண மைக் வயர். பிறகு பான்ரத்தைப் போட்டு, ஐந்தாறு விநாடி பொறுத்து, மியூட்டை எடுங்கள். பிள்ளையை உள்ளதற்குள் பலமாக அடிக்கச் சொல்லுங்கள். மெல்லமாக அடிக்க வைத்துச் சரிபார்ப்பதால்தான் நிகழ்ச்சியில் சிவப்பு லைற் எரிகிறது. பலமாக அடிக்கும்போது மிக்சரின் மீற்றர் ‘0’ என்ற குறியைத் தொட்டு, சிவப்பு எரியாத இடத்தில் கெயினை விட்டுவிடுங்கள். அதன்பின் ஃபேடரை மட்டும் தொட்டால் போதும்.

டி.ஐ.யை மேடையில் கிற்றார்காரரின் காலடியில் வையுங்கள், மிக்சருக்குப் பக்கத்தில் அல்ல. கிற்றார் வயர் 6 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. அந்த வயரின் ஒவ்வொரு மீற்றரும் 100 பிகோஃபரட் அளவில் கொள்ளளவைச் சேர்க்கிறது. பிக்கப் கூர்மையாக ஒலிக்கும் உச்சம் 6 மீற்றர் வயரில் 3800 ஹேர்ட்ஸ் அளவில் இருந்தால், 20 மீற்றரில் 2200க்கு இறங்கிவிடும். மேடையிலிருந்து மிக்சர் வரை ஓடும் மைக் வயருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, 50 மீற்றரும் போகலாம்.

எக்கோவைக் கடைசியில் தொடுங்கள். பாடகருக்குப் போட்ட எக்கோவை அப்படியே கிற்றாருக்கும் போட்டால் தாளம் சேறாகிவிடும்.

டி.ஐ. பொக்ஸ் உடனே வாங்க வசதியில்லை. வேறு வழி?
– வாசகர், மல்லாவி

பெடல் ஏதாவது இருக்கிறதா? பொஸ் நிறுவனத்தின் பெடல்களில் பெரும்பாலானவற்றில், அமத்தாமல் விட்டாலும், உள்ளே ஒரு பஃபர் (சிக்னலுக்கு வலுக் கொடுக்கும் சுற்று) ஓடிக்கொண்டே இருக்கும். சுருதி பார்க்கும் ரியூனர் பெடல்கூடப் போதும். அதன் உள்வாய் 1 மெகாஓம், வெளிவாய் 1 கிலோஓம் அளவில். கிற்றாரைப் பெடலில் செருகி, பெடலிலிருந்து மிக்சரின் லைன் இன்புட்டுக்கு வாருங்கள். 10 மீற்றருக்குள் மிக்சர் இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வயர் வழியே இரைச்சல் ஏறும். ‘ட்ரூ பைபாஸ்’ என்று எழுதிய பெடல் அமத்தாதபோது வெறும் வயர்தான், அது இதற்கு உதவாது.

கிற்றார் ஜக்கை ஒரு பக்கமும் மூன்று பின் பிளக்கை மறுபக்கமும் ஒட்டி வயர் செய்து வைத்திருக்கிறோம். அதைப் போட்டால் வோல்யூம் திருகும்போது கரகரக்கிறது. ஒருமுறை மல்ரி எஃபெக்ற் பெடலும் செத்துவிட்டது.
– இசைக்குழு இளைஞர், புதுக்குடியிருப்பு

மிக்சரில் பான்ரம் போட்டிருந்திருக்கும். உங்கள் வயரில் 1ஆம் பின்னும் 3ஆம் பின்னும் கவசத்தோடு (நடுக் கம்பியைச் சுற்றியுள்ள கம்பி வலை) சேர்ந்திருக்கும், 2ஆம் பின் ஜக்கின் நுனிக்குப் போயிருக்கும். பான்ரம் கரண்ட் 2லும் 3லும் ஒரே அளவில் வருவது. 3 நிலத்தோடு சேர்ந்துவிட்டதால், 2 வழியாக வரும் நேரோட்ட மின் நேரே உங்கள் கிற்றாரின் வோல்யூம் திருகியிலும் பெடலின் வெளிவாயிலும் ஏறுகிறது. கரகரப்பும் அதனால்தான், பெடல் செத்ததும் பெரும்பாலும் அதனால்தான். சின்ன மிக்சர்களில் பான்ரம் சுவிச் எல்லாச் சனலுக்கும் ஒன்றே என்பதால், பாடகரின் கொண்டென்சர் மைக்குக்காக யாராவது அமத்தினால் உங்கள் கிற்றாருக்கும் வந்துவிடும். அந்த வயரை வெட்டி ஜக்கையும் பிளக்கையும் வேறு வேலைக்கு எடுங்கள்.

டிஸ்ரோர்சன் பெடலை நேரே மிக்சருக்குக் கொடுத்தால் பேணிக்குள் குளவி அடைத்த மாதிரிக் கேட்கிறது. வீட்டில் சின்ன அம்பில் நல்லாய்த்தான் இருந்தது.
– மாணவர், கிளிநொச்சி

தம்பி, வீட்டில் நல்லாய் இருந்தது பெடலால் மட்டும் அல்ல, அம்பின் ஸ்பீக்கராலும்தான். கிற்றார் அம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5000 ஹேர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும். டிஸ்ரோர்சன் உண்டாக்கும் உறுத்தல் எல்லாம் அதற்கு மேல்தான், ஆகவே ஸ்பீக்கரே அதை வடித்துவிடும். மேடைப் பெட்டியில் இருக்கும் ட்வீற்றரோ 16,000 வரை எல்லாவற்றையும் கக்கும்.

மல்ரி எஃபெக்ற் பெடலில் ‘கப் சிம்’ அல்லது ‘கபினற்’ என்று, அம்பின் ஸ்பீக்கரைப் போலவே சத்தத்தை வடிக்கும் ஒரு பகுதி இருக்கும், அதை ஒன் பண்ணுங்கள். வீட்டில் அம்போடு வாசிக்கும்போது அதை ஓஃப் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஸ்பீக்கர் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மந்தமாகும். மிக்சரின் ‘ஹை’ திருகியைக் குறைத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள்; அது பெரும்பாலும் 12,000 ஹேர்ட்ஸை மையமாக வைத்தது, உங்களுக்குத் தொல்லை தரும் 5000, 6000 அப்படியே நிற்கும். சவுண்ட்ஸ்காரரிடம் 31 பட்டி ஈகுவலைசர் ஒன்று இருந்து, கிற்றார் சனலுக்கு மட்டும் பூட்ட முடிந்தால் 5000க்கு மேலுள்ள பட்டிகளைப் படிப்படியாக இறக்கலாம். டிஸ்ரோர்சனின் அளவையும் வீட்டில் வைத்ததில் பாதிக்குக் குறையுங்கள். பெரிய பெட்டியில் பாதியே நிறையக் கேட்கும்.

‘ங்ங்’ என்ற இரைச்சல் நிற்கவே இல்லை. எங்கேயிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர்கள் சிலர், வவுனியா, பரந்தன்

முதலில் கிற்றாரின் வோல்யூமைப் பூச்சியமாக்குங்கள். இரைச்சல் போனால் அது கிற்றாருக்குள்ளால் வருவது. போகாவிட்டால் வயர், அடப்ரர் அல்லது எர்த்.

கிற்றாருக்குள்ளால் வந்தால், வோல்யூமைத் திரும்பக் கூட்டி, கிற்றாரோடு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் கூடி ஒரு திசையில் குறைந்தால் பிக்கப் பக்கத்திலுள்ள ட்ரான்ஸ்போமரையோ லைற் டிம்மரையோ இழுக்கிறது. இரைச்சல் குறைந்த திசையில் நின்று வாசிப்பதுதான் செலவில்லாத வைத்தியம். மின்சோடனையின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கிற்றாருக்குக் கிட்ட வைக்க விடாதீர்கள். கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் குறைந்தால் அது வழமை. கை வைத்ததும் கூடினால் ஜக்கில் நுனியும் கவசமும் மாறி ஒட்டப்பட்டிருக்கலாம்.

வோல்யூம் பூச்சியத்திலும் இரைந்தால் பெடலின் அடப்ரரைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால், மேடையிலுள்ள அம்ப் ஒரு சொக்கற்றிலும் மிக்சர் முப்பது மீற்றர் தள்ளி வேறு சொக்கற்றிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு எர்த்துக்கும் நடுவில் மைக் வயரின் கவசம் பாலமாகி, 50 ஹேர்ட்ஸ் அதில் ஓடும். டி.ஐ.யில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிச் அதற்குத்தான். சில அக்ரிவ் டி.ஐ.க்கள் பான்ரத்தில் ஓடும்போது லிஃப்டை ஒழுங்காகச் செய்யாது, அப்போது பற்றரியில் ஓடவிடுங்கள். மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுத்தால் பாதிப் பிரச்சினை முதலிலேயே தீரும். பிளக்கின் எர்த் வயரைக் கழற்றி இரைச்சலை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் நிற்கும். என்ன விலைக்கு நிற்கிறது என்பது அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

கிற்றார் வாசித்துக்கொண்டு பாடும்போது மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று அடிக்கிறது. ஜெனரேற்றரில் ஓடும் நாட்களில் இன்னும் கூட. மைக்குக்கு ஸ்பொஞ்ச் போட்டால் சரிவருமா?
– பாடகர், முல்லைத்தீவு

ஸ்பொஞ்ச் போட்டு மறைக்கிற விசயம் இல்லை இது. உயிர் போகிற விசயம்.

கிற்றாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக வயரின் கவசத்தோடும், அதன் வழியாக அம்பின் உலோகச் சட்டத்தோடும் சேர்ந்திருக்கின்றன. மைக்கின் வலைக்கூடு 1ஆம் பின் வழியாக மிக்சரின் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு சட்டமும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லாவிட்டால் நடுவிலுள்ள வயர் நீங்கள்தான். கையிலிருந்து வாய்க்கு, நெஞ்சுக்கூட்டுக்குக் குறுக்கால்.

காரணம் பெரும்பாலும் பிளக்கில் இருக்கும். அம்பின் மூன்று பின் பிளக் உடைந்து, யாரோ இரண்டு பின் பிளக் பூட்டியிருப்பார்கள். 13 அம்பியர் சொக்கற்றின் மேல் துவாரத்தில் பேனை மூடியையோ தீக்குச்சியையோ குத்தித் திறந்து அதைச் செருகியிருப்பார்கள். எர்த் போய்விட்டது. எர்த் இல்லாத உபகரணத்தின் சட்டத்தில், உள்ளிருக்கும் வடிகட்டிக் கொண்டென்சர்கள் காரணமாகவே 115 வோல்ற் அளவு தொங்கிக்கொண்டிருக்கும். அது மிகச் சிறிய கரண்ட், சுள்ளென்பதோடு போகும். ஆனால் உள்ளே ஒரு லைன் வயர் கழன்று சட்டத்தில் பட்டால் அதே இடத்தில் 230 முழுதாக வரும். முதல் சுள்ளும் கடைசிச் சுள்ளும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான்.

செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் சொக்கற்றிலிருந்து கழற்றி, மல்ரிமீற்றரை ஓமில் வைத்து, அம்ப் பிளக்கின் எர்த் பின்னுக்கும் அம்பின் வெளி உலோகத்துக்கும் அளவுங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். நீட்சி வயர்களையும் அப்படியே பார்க்க வேண்டும், பழுது பெரும்பாலும் அவற்றில்தான் ஒளிந்திருக்கும். பிறகு மேடை, மிக்சர் எல்லாவற்றையும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் உள்ள ஒரே பலகையிலிருந்து எடுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியபின், யாரும் பாட முன்னர், மல்ரிமீற்றரை ஏ.சி. வோல்ற்றில் வைத்து ஒரு முனையைக் கிற்றார்க் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் தொடுங்கள். ஒன்று இரண்டு வோல்ற்றுக்குள் நின்றால் சரி. பத்து, இருபது, நூறு என்று காட்டினால் காரணம் தெரியும்வரை நிகழ்ச்சி தொடங்கக் கூடாது. தலைவர் உரை நீண்டால் நீளட்டும்.

எர்த் கம்பி அடித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கரையோர மணலில், கோடையில் அடித்த கம்பியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 50ஆல் பிரித்தால் 4.6 அம்பியர். 13 அம்பியர் ஃபியூஸ் அதற்கு அசையாது. கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் தடை குறையும், ஆனாலும் ட்ரிப் சுவிச் இல்லாமல் அது காவல் இல்லை. சின்ன ஜெனரேற்றர்களில் இன்னொரு சிக்கல்: பலவற்றில் நியூட்ரல் ஜெனரேற்றரின் சட்டத்தோடு சேர்க்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அப்படி இருந்தால் எர்த்துக்குக் கசிந்த கரண்ட் திரும்பிவர வழியில்லை, ட்ரிப் சுவிச்சும் விழாது. அந்த இணைப்பை மின்சார வேலை தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும், சவுண்ட்ஸ்காரரின் உதவியாள் அல்ல. வயர்லெஸ் மைக் இருந்தால் அந்த வழி அறுபடும், அன்றைய நிகழ்ச்சியைக் காப்பாற்றலாம். அம்பைத் திருத்தாமல் அடுத்த மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கோயிலில் மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள் மட்டும்தான் இருக்கின்றன. பக்திப் பாடலுக்குக் கிற்றாரை அதில் விடலாமா?
– ஆலய இளைஞர், ஒட்டுசுட்டான்

விடலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. கூம்பு ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழ் ஒழுங்காகப் பாடாது. கிற்றாரின் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸ். முதலாவது மெல்லிய கம்பியைத் திறந்து மீட்டினால்தான் 330. ஆகவே கோட்ஸ் அடிப்பதன் அடிப்பகுதி வெளியே வராது, காதுதான் நிரப்பிக்கொள்ளும். அடித்தொனியைக் கூட்டி அதை வரவழைக்கப் பார்த்தால் கூம்பின் யூனிற்றுக்குள் இருக்கும் மெல்லிய டயஃபிரம் கிழியும். பேஸ் திருகியைக் குறைத்து, மெல்லிய நான்கு கம்பிகளில் தனித்தனிச் சுரமாக வாசிக்கச் சொல்லுங்கள், நாதஸ்வரம் மாதிரித் தூரம் போகும். பெடலிலிருந்து அம்பிளிபயரின் ‘ஒக்ஸ்’ துவாரத்துக்குக் கொடுங்கள். கூம்புக்குப் போகும் லைன் 100 வோல்ற் வகையாக இருந்தால் அதில் சாதாரண ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்த்துக் கட்டாதீர்கள், கொயில் எரியும்.

15 வாட் அம்ப் ஒன்று இருக்கிறது. அதன் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மிக்சரில் கொடுக்கலாமா, மைக் வைப்பதா?
– வாசகர், துணுக்காய்

ஸ்பீக்கர் வயர் மிக்சருக்குள் போகவே கூடாது. அது பல வோல்ற், பெரிய கரண்ட், இன்புட் செத்துப்போகும். வால்வு அம்பாக இருந்தால் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட விடுவதே அம்பின் ட்ரான்ஸ்போமருக்கு ஆபத்து.

மைக் வையுங்கள், அதுவே நல்ல சத்தம். பாடகர் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக் போதும். அம்பை நிலத்தில் வைக்காமல் ஒரு வாங்கில் ஏற்றுங்கள். டோர்ச் அடித்து வலைத்துணிக்குப் பின்னால் ஸ்பீக்கரின் நடுவிலுள்ள வட்ட மூடி எங்கே என்று பாருங்கள். அந்த மூடியின் விளிம்புக்கு நேரே, துணியிலிருந்து 2 முதல் 5 சென்ரிமீற்றரில் மைக். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை கூடும், வெளிப்புறம் நகர்த்தினால் மென்மை. ஈகுவலைசரைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டு அங்குலத்தை நகர்த்திப் பாருங்கள். மைக்கில் சுவிச் இருந்தால் ஒன் பண்ணி ரேப் ஒட்டிவிடுங்கள். அம்பின் முகம் பாடகரின் மைக்கைப் பார்க்கக் கூடாது.

புது வயர் நாங்களே ஒட்டினோம். சத்தம் வருகிறது, ஆனால் மங்கல், அசைத்தால் கரகரப்பு. ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறது.
– மாணவர்கள், நெடுங்கேணி

ஜக்கைத் திறந்து பாருங்கள். கிற்றார் வயரில் நடுக் கம்பியின் பிளாஸ்ரிக் உறைக்கு மேல், கவசத்துக்கு அடியில், கறுப்பாக இன்னொரு மெல்லிய உறை இருக்கும். பார்க்க அதுவும் பிளாஸ்ரிக் மாதிரித்தான், ஆனால் அதில் கரி கலந்திருக்கிறது, கரண்ட் கசியும். அது நுனியின் ஒட்டில் பட்டால் சிக்னல் கவசத்துக்கு ஒழுகும். பிளேட்டால் அந்தக் கறுப்பை ஒட்டிலிருந்து 5 மில்லிமீற்றர் வரை சுற்றி உரித்து எடுங்கள், உள் உறையில் கீறல் விழாமல். மார்கழி மேடைகளில் ஈரம் ஏறினால் இன்னும் மோசமாகும், ஆகவே வயர்த் தொடுப்புகளை நிலத்தில் விடாமல் பொலித்தீனில் சுற்றித் தூக்கிக் கட்டுங்கள்.

பெடல் பற்றரி ஒரு கிழமைகூட நிற்பதில்லை.
– வாசகர், மாந்தை கிழக்கு

வாசித்து முடிந்ததும் பெடலின் உள்வாய் ஜக்கைக் கழற்றுங்கள். பற்றரியின் சுவிச் அந்தத் துவாரத்துக்குள்தான் இருக்கிறது. காலால் அமத்தும் சுவிச் அதை நிறுத்தாது.